கடைசி வண்டி வரும்வரை

எங்கள் வாய்க்காலில் ஃபென்னாவின் பாலத்துக்கு அடுத்தது என் பாலம். படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிட வேண்டும், போனதும் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் பாலத்தைத் தாண்டிய படகு என்னிடம் வந்து சேருவதற்குள் வயர்லெஸ்ஸில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். எங்கள் ஊர் வின்ஸ்கோத்தன் பக்கத்து ஆட்கள் பொதுவாகவே வாய் திறப்பதில் சிக்கனம். ஃபென்னா எங்களுக்குள்ளேயே சிக்கனக்காரி. தான் போய்வந்த இத்தாலிப் பயணத்தைப் பற்றி அவள் சொல்லி முடிக்க ஒரு குளிர்காலம் பிடித்தது. துண்டு துண்டாகக் கேட்டதை நான் வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

ஃபென்னாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகுட்டி, நாய், பூனை எதுவும் இல்லை. இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளும், ஒரு மோட்டார் சைக்கிள் சங்கமும். ஞாயிற்றுக்கிழமை கடலோர அணைச்சாலையில் சுற்றுவார்கள். கோடையில் ஒரு வாரம் சேர்ந்து வெளிநாடு போவார்கள். எல்லாரும் கழுத்தில் பச்சை வெள்ளைத் துண்டு கட்டியிருப்பார்கள். தலைவன் எல்ட்யோ, தச்சுப்பட்டறை வைத்திருப்பவன். அவன் பின்சீட்டில் எப்போதும் அவன் மனைவி வீப்கே. இந்த வீப்கேதான் ஃபென்னாவுக்கு உயிர்த்தோழி.

இந்தப் பயணத்துக்கு நான்கு வருடம் முன்னால் ஃபென்னாவுக்கு ஒரு விபத்து நடந்தது. சங்கத்திலேயே இருந்த மென்னோ என்பவன் மத்தியானச் சாப்பாட்டோடு நன்றாகக் குடித்துவிட்டு வந்து, அணைச்சாலை வளைவில் அவளை முந்தப் பார்த்தான். அவன் வண்டி அவள் கைப்பிடியில் உரச, அவள் பள்ளத்தில் போய் விழுந்தாள். இடது கணுக்காலை இரும்பு வைத்துச் சேர்த்தார்கள். இனி அது மடங்காது. போலீஸ் வந்தபோது மென்னோ, அவள்தான் குறுக்கே வந்தாள் என்று சொன்னான். எல்ட்யோ முன்னால் வந்து, தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். மென்னோவும் எல்ட்யோவும் சின்ன வயதிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இருந்தும் சொன்னான். மென்னோவின் உரிமம் சில வருடத்துக்குப் போயிற்று, சங்கத்திலிருந்து பெயரை நீக்கினார்கள். இனி அவன் நம்மோடு ஓட்டமாட்டான் என்று எல்லாரும் கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வீப்கே தினமும் வந்து உட்கார்ந்திருந்தாள். ஃபென்னா மறுபடி வண்டி ஏறியபோது, காலால் கியர் மாற்ற முடியாதே என்று கைப்பிடியிலேயே பொத்தான் வைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்ததும் எல்ட்யோதான். அந்தச் சங்கத்தை அவள் எப்படிப் பார்த்தாள் என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜூன் மாதம் அவர்கள் டோலமைட் மலைகளுக்குப் போய் அராபாவில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். மூன்றாவது நாள் காலை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. வீப்கே ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த சாசேஜை நறுக்கி எல்லாருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இத்தாலிக்காரன் சமையல் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வழிக்கு நம்ம சாசேஜ் இருந்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் தெம்பு. அன்றைய திட்டம் கோலே சான்டா லூசியாவில் சர்ச் பார்ப்பது, அப்புறம் ஜியாவ் கணவாய் ஏறிக் கோர்த்தினா இறங்கி, மிசுரினா ஏரி வரை போய்த் திரும்புவது.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டமாகப் போகும்போது எல்ட்யோ முதலில் போவான். திருப்பம் வந்தால் தனக்கு அடுத்து வருபவருக்குக் கை காட்டுவான். அவர் அந்த முனையில் ஓரமாக நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி வண்டி வந்த பிறகுதான் நகரலாம். கடைசி வண்டி ஹார்முடையது. மஞ்சள் சட்டை போட்டிருப்பான், தூரத்திலேயே தெரியும். ஹார்ம் வந்துவிட்டான் என்றால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம். மழையோ வெயிலோ, ஹார்ம் வரும்வரை முனையை விட்டு நகரக் கூடாது. அதில் அவர்களுக்குப் பெரிய பெருமை.

சர்ச் வாசலில் படம் எடுத்தார்கள். எதிரே பெல்மோ மலை ஒரு பெரிய நாற்காலி போல உட்கார்ந்திருந்தது. ஹார்மின் உடம்பைப் பற்றி யாரோ கேலி செய்தார்கள். அவன் இதயத்தில் குழாய் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் தட்டில் வெண்ணெய் குறையவில்லை. கிளம்பும்போது எல்ட்யோ ஃபென்னாவிடம் வந்தான்.

"நீ எனக்கு அடுத்தாப்ல வா. மேல கொண்டை ஊசி வளைவுதான் பூரா. உன் வேகத்துக்கு நான் ஓட்டறேன்."

அவளுக்கு அது இதமாக இருந்ததாம். ஹார்ம் பெட்டியின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான், நீங்கள் போங்கள் என்று கை அசைத்தான்.

செல்வா என்ற ஊருக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஜியாவுக்கு ஏறும் சாலை பிரிகிறது. எல்ட்யோ கை காட்டினான். ஃபென்னா ஓரம் கட்டினாள். அங்கே ஒரு மரச்சிலுவையும், குழாயிலிருந்து ஓயாமல் நீர் விழும் தொட்டியும் இருந்தன. ஒவ்வொரு வண்டியாகத் திரும்பி மேலே போயின. அவளைக் கடக்கும்போது ஆளாளுக்குத் தலையாட்டுவார்கள். அன்று சிலர் ஆட்டவில்லை. வளைவில் கவனமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வண்டிச் சத்தம் மேலே மேலே போய் அடங்கிவிட்டது. ஹார்ம் மட்டும்தான் பாக்கி.

ஹார்ம் வரவில்லை.

முதலில் அவள் கவலைப்படவில்லை. பாலத்தில் சரக்குப் படகுக்காக அரை மணி காத்திருந்து பழகியவள். தொட்டியில் முகம் கழுவினாள், சாசேஜைத் தின்றாள். சைக்கிள்காரர்கள் மூச்சிரைக்க மேலே ஏறிப் போனார்கள். ஒரு பஸ் போயிற்று. சூரியன் நேர் மேலே வந்துவிட்டது. நின்று நின்று கணுக்கால் இறுகிக்கொண்டது. ஹார்முக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றுபோயிற்று. மறுபடி செய்தாள். மறுபடியும்.

சர்ச் பக்கமிருந்து உள்ளேயே படுக்கை வைத்த ஒரு கேம்பர் வண்டி வந்தது, நம் நாட்டு நம்பர் பலகை. அவள் கை காட்டி நிறுத்தி, வழியில் மஞ்சள் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள்காரர் யாராவது நின்றிருந்தாரா என்று கேட்டாள். சர்ச் வாசல் காலியாகக் கிடக்கிறது, வழியிலும் யாரும் இல்லை என்றார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. ரோட்டில் இல்லை என்றால் ரோட்டுக்குக் கீழே இருக்கிறான். மார்பைப் பிடித்துக்கொண்டு எந்தத் தடுப்புக்குக் கீழே கிடக்கிறானோ. பள்ளத்தில் கிடந்தால் மேலே போகும் வண்டிச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் போய்த் தேடலாமா என்று வண்டியில் ஏறினாள். முனையை விடக் கூடாதே என்று இறங்கினாள். இப்படி இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். கடைசியில் எல்ட்யோவுக்குப் போன் செய்தாள். அவன் எடுத்தான்.

"ஹார்ம் இன்னும் வரலை எல்ட்யோ. போனும் எடுக்க மாட்டேங்கறான். எனக்குப் பயமா இருக்கு. போலீஸுக்குச் சொல்லிடவா?"

போனில் காற்று இரைந்தது.

"வேணாம் வேணாம். அவன்கிட்ட நான் பேசிட்டேன். ஏதோ செயின் கழண்டுபோச்சாம், சரி பண்ணிட்டிருக்கான். வந்துடுவான். நீ அந்த முனையை விட்டு மட்டும் நகராதே, சரியா?"

"நான் போய் ஒரு கை கொடுக்கவா?"

"சொன்னா கேளு ஃபென்னா. அங்கேயே இரு."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஹார்மின் வண்டி பழைய பி.எம்.டபிள்யூ. அதில் செயினே கிடையாது. இருபது வருடமாக அந்த வண்டியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனாலும் எல்ட்யோ சொன்னதை அவள் சந்தேகப்படவில்லை. காற்றில் சரியாகக் காதில் விழுந்திருக்காது, வேறு ஏதோ சொல்லியிருப்பான் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு கணவாயிலிருந்து ஒரு ஜெர்மன் ஜோடி ஒரே வண்டியில் இறங்கி வந்து, தொட்டியில் தண்ணீர் பிடிக்க நின்றது. அந்தப் பெண் ஃபென்னாவின் கழுத்துத் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். மேலே ஓட்டலில் இதே துண்டு கட்டிய ஒரு பெரிய கூட்டம் கும்மாளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, நீங்களும் அவர்கள் ஆள்தானா என்று கேட்டாள். ஆமாம், கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிறேன், மஞ்சள் சட்டை போட்டிருப்பார் என்றாள் ஃபென்னா. அந்தப் பெண்ணுக்குக் குழப்பம். மஞ்சள் சட்டைக்காரர் மேலேதானே இருக்கிறார், எங்கள் பக்கத்து மேசையில் இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே என்றாள்.

சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஃபென்னா முனையை விட்டுக் கிளம்பினாள்.

ஜியாவ் சாலை மரங்களுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறி, ஒரு கட்டத்தில் மரங்களை விட்டு வெளியே வந்து புல்வெளியில் திறக்கும். அன்று அதில் எதையும் அவள் பார்க்கவில்லை. ஏறும்போதெல்லாம் எல்ட்யோவுக்காகக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போனாளாம். ஹார்முக்கு உடம்பு சரியில்லாமல் வேறு வழியாக வந்திருப்பான். எனக்கு ஏதோ பிறந்தநாள் மாதிரி ஏற்பாடு செய்கிறார்கள், அதற்குத்தான் என்னைக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். அவள் பிறந்தநாள் நவம்பரில்.

ஓட்டல் வாசலில் நீள மேசை. பச்சை வெள்ளைத் துண்டுகள். மஞ்சள் சட்டை ஒரு நாற்காலி முதுகில் தொங்கியது. அவள் வண்டியை நிறுத்தி, இறுகிப்போன காலை இழுத்துக்கொண்டு நடந்து வந்தாள். பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது. எல்ட்யோவுக்கும் வீப்கேவுக்கும் நடுவில், சாலைக்கு முதுகு காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். முடி முழுக்க நரைத்து, ஆள் பாதியாகியிருந்தான். அவன் கழுத்திலும் அதே துண்டு, புதுசு, மடிப்புக் கலையாதது.

அவள் அவனிடம் பேசவில்லை. மேசையின் மறுகோடிக்குப் பார்வையை ஓட்டினாள்.

"என்ன ஹார்ம், செயின் சரியாயிடுச்சா?"

ஹார்ம் தட்டைப் பார்த்தான். அவன் முகம் காது வரை சிவந்துவிட்டது.

நடுவில் இருந்தவன் திரும்பினான். மென்னோ. எழுந்து நின்றான், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஃபென்னா... நீ வர மாட்டேன்னு சொன்னாங்களே. நான் திரும்பச் சேர்றதுல உனக்குச் சம்மதம்தான், ஆனா பார்க்கப் பிடிக்கலை, இன்னிக்கு நீயாவே ஒதுங்கிக்கறேன்னு சொன்னதாச் சொன்னாங்க."

"யார் சொன்னா?"

மென்னோ எல்ட்யோவைப் பார்த்தான். வேறு பதில் தேவைப்படவில்லை. அவனுக்கும் அந்த நிமிடத்தில்தான் விஷயம் விளங்கியது என்று ஃபென்னா சொல்கிறாள். அவ்வளவு பேர் இருந்த மேசையில், தெரியாமல் வந்து மாட்டியவர்கள் அவளும் அவனும் மட்டும்தான்.

எல்ட்யோ எழுந்து பக்கத்தில் வந்தான். உட்கார், ஒரு காபி சொல்கிறேன், நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்றான். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம், சாப்பாடு வந்து நேரமாகிவிட்டது என்றான். நேரமானதுதான் தப்பு என்பது போல.

"நான் ஹார்ம் செத்துட்டான்னு நெனச்சேன் எல்ட்யோ," என்றாள் அவள். "கீழ நின்னுட்டு நான் அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "மென்னோ பொழப்பைக் கெடுத்தது என் வாய்தானே. பொண்டாட்டி போனா, வேலை போச்சு. ரெண்டு வருஷமா ஒரு சொட்டுத் தொடலை அவன். தெனம் அவன் வீட்டைத் தாண்டித்தான் நான் பட்டறைக்குப் போறேன். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு."

"போலீஸ்கிட்ட நீ சொன்னது பொய்யா?"

"இல்லை."

"அப்புறம்?"

அவன் திரும்பிப் போய் உட்கார்ந்தான். அப்போது ஹார்ம் வாயைத் திறந்தான். யாரும் கேட்காமலே சொன்னான். சர்ச்சிலிருந்தே பின்னால் திரும்பி, மலையைச் சுற்றி மறுபக்கச் சாலையில் அவன் மேலே வந்திருந்தான். அவள் போன் செய்தபோதெல்லாம் போன் மேசைமேல்தான் இருந்தது, ஃபென்னா என்று பெயர் விழுந்தது, எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாவது தடவை அடித்தபோது வீப்கே கை நீட்டிப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

ஃபென்னா வீப்கேவைப் பார்த்தாள். வீப்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மென்னோ துண்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். "நேர்ல உன்கிட்டக் கேட்டுட்டுத்தான் வருவேன்னு சொன்னேன் நான். வேணாம், அவ மனசு கஷ்டப்படும்னு தடுத்துட்டாங்க. அன்னிக்கு நீ குறுக்கே வந்தேன்னு சொன்னேன்ல, அது பொய். நான்தான் வந்து இடிச்சேன்."

"தெரியும்," என்றாள் ஃபென்னா. "எல்லாருக்கும் தெரியும்."

அவள் அவனை மன்னித்துவிடவில்லை. அதை என்னிடம் அழுத்திச் சொன்னாள். ஆனால் அந்த மேசையில் அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசியவன் அவன்தான், அதையும் சொன்னாள்.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் கோர்த்தினாவுக்கு இறங்கினாள். எங்கே போவது என்று தெரியாமல், திட்டத்தில் இருந்த மிசுரினா ஏரிக்கே போனாள். ஏரியைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக மக்கள், மிதிபடகுகள், ஐஸ்கிரீம். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. கரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். உன் வேகத்துக்கு நான் ஓட்டறேன் என்று எல்ட்யோ சொன்னதில் நினைப்பு வந்து வந்து நின்றது. அவளை முதல் முனையில் நிறுத்துவதற்காகச் சொன்ன வார்த்தை. அதைக் கேட்டுத்தான் மனம் குளிர்ந்திருந்தாள். அங்கேதான் அழுதாள். ஒரு சின்னப் பெண் அருகில் வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியபோது எல்லாரும் வந்திருந்தார்கள். யாரும் வாசலுக்கு வரவில்லை. அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கும்போது வீப்கே கதவைத் தட்டி உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உன் லீவைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்றாள். ஊருக்குப் போன பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்களாம். முதலில் அவன் வரட்டும், பழகட்டும், அப்புறம் ஃபென்னாவுக்கும் சரியாகிவிடும் என்று.

"உனக்கு எப்ப தெரியும்?"

"விடேன் ஃபென்னா."

"எப்ப?"

"மார்ச்ல."

மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் வீப்கே அவள் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறாள். இந்தப் பயணத்துக்கு மழைக்கால்சட்டை வாங்க இரண்டு பேரும் க்ரோனிங்கன் போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். அந்தக் கால்சட்டையைத்தான் ஃபென்னா அப்போது மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தவிர எனக்கு யாரு இருக்கா," என்று அழுதாள் வீப்கே. "இப்படி முகத்தைத் திருப்பிக்காதே. திட்டு, அடி, ஏதாவது பண்ணு."

"நான் போன் பண்ணினேன் வீப்கே," என்றாள் ஃபென்னா. "நீ அதைக் கவுத்து வெச்சே."

வீப்கே எழுந்து போனாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஃபென்னா கிளம்பினாள். வழியில் பவேரியாவில் ஒரு ராத்திரி தங்கி ஊர் வந்து சேர்ந்தாள். மிச்சமிருந்த லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். என்ன இவ்வளவு சீக்கிரம் என்று வயர்லெஸ்ஸில் கேட்டேன். மழை என்றாள். அந்த வாரம் அங்கே ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மென்னோ சங்கத்தில் சேரவில்லை. அன்று கணவாயிலேயே துண்டை மேசையில் விட்டுவிட்டு, தன் வண்டியில் தனியாகப் போய்விட்டானாம். சங்கத்துக்கு இப்போதும் எல்ட்யோதான் தலைவன். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் ஹார்ம் சைக்கிளில் ஃபென்னாவின் பாலத்துக்கு வந்தான். கடைசி வண்டி வேலையை விட்டுவிட்டேன், இனி என்னை யார் நம்புவார்கள் என்றான். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். டாக்டரிடம் போனாயா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்டதும் அவன் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விம்மிவிட்டான். தூரத்தில் என் பாலத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

வீப்கேவை அவள் அப்புறம் வீட்டுக்குள் விடவில்லை. கடையில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், வானிலை பற்றிப் பேசுவாள். அவ்வளவுதான். கால் உடைஞ்சப்போ வலிச்சுது, ஆனா தூக்கம் வந்துச்சு என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அப்போது கீழே ஒரு சரக்குப் படகு ஹாரன் அடித்தது. வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு அவள் பாலத்தைத் தூக்கப் போய்விட்டாள்.